இணைப்பு ஏழில் ஒரு கூலர்

போன மாதம் ஒரு நாள் டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இட்லி அரிசிக்காக நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பேசியவர் பெயர் கார்த்திக். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். தேர்தல் சீர்திருத்தத்துக்கென்று புதிதாக ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். அதன் அலுவலகத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

"சார், உங்க காலத்துக் கமிட்டி ரிப்போர்ட் ஒண்ணு ரெக்கார்ட் ரூம்ல கிடைச்சுது. கடைசியில உங்க சைன் இருக்கு. பாக்கி எல்லாம் டீக் ஹை சார். அனெக்சர் செவன் மட்டும் புரியவே இல்லை. கூலர் கூலர்னு வருதே, அது எந்தக் கட்சியோட சின்னம்?"

கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு "பாவூஜி, கித்னா?" என்று, எத்தனை கிலோ வேண்டும் என்பதை மூன்றாம் தடவையாகக் கேட்டார். கூலர் சின்னம் இல்லை, கூலர்தான் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அரிசிக் கடையில் நின்று சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

என் உத்தியோகத்தில் பயிற்சிக் காலம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அம்பாசமுத்திரத்திலிருந்து பரீட்சை எழுதி குமாஸ்தாவாக வந்தேன். கரோல் பாகில் ஒரு மாடி அறையில் நான்கு பேரோடு குடியிருந்தேன். பஸ் கண்டக்டர்களிடம் திட்டு வாங்கி இந்தி கற்றேன். கல்யாணம் ஆனதும் ஜனக்புரிக்கு மாறினேன். நடுவில் மூன்று தேர்தல்களுக்கு வாக்குச்சாவடி வேலைக்கு அனுப்பினார்கள். மூன்று தடவையும் என் கையில் கொடுத்தது மை பாட்டில்தான். ஒரு தடவை ஒரு அம்மாள், மருதாணி வைத்த கை கெட்டுப்போகும் என்று விரலைத் தர மறுத்து அரைமணி நேரம் வரிசையை நிறுத்திவிட்டாள். இவ்வளவுதான் என் தேர்தல் ஞானம். ஆனால் என் சர்வீஸ் புத்தகத்தில் அது 'தேர்தல் பணியில் நீண்ட அனுபவம்' என்று ஏறிவிட்டது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், நம் தேர்தல் முறையை மாற்றலாமா என்று ஆராய ஒரு குழு போட்டபோது யாரோ அந்த வரியைப் படித்துத் தொலைத்தார்கள்.

குழு ஆராய்ந்த கேள்வி எளிமையானது. நம் முறைப்படி, நிற்பவர்களில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் ஜெயித்தவர். நூற்றுக்கு முப்பது வாங்கினால்கூடப் போதும், மற்றவர்கள் ஒவ்வொருவரும் முப்பதுக்குக் கீழே இருந்தால் சரி. பாக்கி எழுபது பேர் வேறு ஆளைக் கேட்டார்களே, அவர்கள் கதி என்ன? இதற்கு வேறு தேசங்களில் வேறு வேறு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். அதில் நமக்கு எது ஒத்துவரும் என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் மாதம் ஒரு தடவை கூடி, பிஸ்கட் சாப்பிட்டு, விவாதித்துவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் குழு என்றால் நாங்கள் இருபத்தெட்டு ஊழியர்கள்தான்.

பொதுமக்களிடமும் யோசனை கேட்டிருந்தோம். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் பரீட்சை வைக்க வேண்டும், தப்பான பதிலுக்கு மார்க் குறைக்க வேண்டும் என்று ஒரு தலைமையாசிரியர். தோற்றவருக்கும் பாதிப் பதவிக்காலம் தரலாம் என்று தோற்ற ஒருவர். யார் ஜெயித்தாலும் எங்கள் தெருச் சாக்கடை அடைத்தே இருக்கிறது, இதற்கு எந்த முறை நல்லது என்று கரோல் பாகிலிருந்து ஒரு பெண்மணி. ஒவ்வொரு கடிதத்தையும் 'பெரும்பான்மை முறை', 'விகிதாசார முறை', 'இதர' என்று பிரித்து அடுக்குவது என் வேலை. சாக்கடையை 'இதர'வில் வைத்தேன்.

எங்களுக்கு மேலதிகாரி, குழுவின் உறுப்பினர்-செயலர் சௌத்ரி சாஹப். ஜூன் மாதத்திலும் கழுத்தில் டை. குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஃபைலில் முதலில் பென்சிலால் எழுதுவார். மறுநாள் காலை அதைப் படித்து, திருப்தி என்றால் அதே எழுத்தின் மேல் பேனாவால் எழுதி, மை காய்ந்த பிறகு பென்சிலை ரப்பரால் அழிப்பார். சரி என்றோ கூடாது என்றோ அவர் வாயிலிருந்து வராது. "எக்ஸாமின் இட்" என்பார். எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி "எந்த முறைப்படி?" என்பதுதான். கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, நேர்மையான மனிதர். அதுதான் பெரிய கஷ்டம். நேர்மையில்லாதவராக இருந்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் வளைந்து கொடுத்திருப்பார். அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு, அவர் எழுதும் ரகசிய அறிக்கையில்தான் இருந்தது.

அலுவலகம் இருந்தது யுத்த காலத்தில் தற்காலிகமாகக் கட்டிய கல்நார்க் கூரைக் கட்டடத்தில். ஐம்பது வருஷமாக அது தற்காலிகமாகவே இருந்தது. நான்கு அறைகள். முதல் அறையில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர், இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் ஆறு. நான்காவது அறை முன்பு சாமான் போட்டு வைத்த இடம், ஜன்னல் கிடையாது. அதில் ஜெராக்ஸ் மிஷினையும் மூன்று டைப்பிஸ்டுகளையும் போட்டிருந்தார்கள். அந்த மூவரில் ஒருத்தி ஜெயலட்சுமி. கும்பகோணத்துக் குடும்பம், கரோல் பாக் வாசம். ஏழு மாசம். பிரசவ லீவு முழுவதையும் குழந்தை பிறந்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வெயிலிலும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

மே மாத நடுவில், சௌத்ரி சாஹப்பின் அறைக்கென்று ஒரு கூலர் வந்தது. தகர உடம்பு, மூன்று பக்கமும் வைக்கோல் தட்டி, ஆள் உயரம். அவர் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"எனக்கு வேண்டாம், ஊழியர்களுக்குக் கொடுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

"எந்த அறையில் வைக்கட்டும் சார்?"

இதைக் கேட்ட என் நாக்கை அறுக்க வேண்டும். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நாம் ஆறு மாதமாகத் தேர்தல் முறைகளைக் காகிதத்தில் ஆராய்கிறோம், ஒன்றையாவது நடத்திப் பார்த்தோமா என்றார். மக்கள் உண்மையாகவே ஆசைப்படும் ஒரு பொருளுக்கு ஓட்டுப் போட்டால்தான் ஒரு முறையின் குணம் தெரியும். நான்கு அறைகளும் வேட்பாளர்கள். இருபத்தெட்டுப் பேரும் வாக்காளர்கள். தேர்தல் அதிகாரி, நீண்ட அனுபவம் உள்ள நான்.

தேர்தல் என்றால் நடத்தை விதி வேண்டும். பென்சிலில் எழுதி மறுநாள் மையில் தந்தார். முடிவு அறிவிக்கும் வரை கூலரை எந்த அறைப் பக்கமும் நகர்த்தக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது, ஸ்விட்ச் போடக் கூடாது, ஏனென்றால் பக்கத்து அறை வாக்காளர்களுக்குக் காற்று போனால் அது லஞ்சம். நடைவழித் தூணில் அதைச் சங்கிலியால் கட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டேன். டெல்லி வெயிலில் மத்தியானம் அரக்கு இளகி முத்திரை எழுத்து அழிந்துவிடும். தினமும் காலையில் இரண்டு சாட்சிகள் முன்னால் புதிதாக அரக்கு உருக்கி வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குவேன். குளிர்விக்கும் யந்திரத்தைப் பூட்டி வைத்த முத்திரை உஷ்ணம் தாங்காமல் உருகுகிறது என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். "எக்ஸாமின்" என்று திரும்பி வந்தது.

முதல் அறையின் ஏஜென்ட் பாட்டியா. மேல்நிலை குமாஸ்தா, யூனியன் ஆள், தொண்டை பெரிசு. நாங்கள் ஜெயித்தால் நாலாம் அறைப் பெண்கள் மத்தியானம் எங்கள் அறைக்கு வந்து சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். இது தேர்தல் வாக்குறுதி, விதிமீறல் என்று இரண்டாம் அறை புகார் கொடுத்தது. பாட்டியாவுக்கு நான் நோட்டீஸ் கொடுத்தேன். தான் அவர்களை ராஜ்மா சாப்பிடத்தான் அழைத்ததாகவும், காற்று வாங்க அழைக்கவில்லை என்றும் அவர் எழுத்தில் பதில் தந்தார். நாலாம் அறையின் ஏஜென்ட் ஜெயலட்சுமி. ஒவ்வொரு அறையும் ஒரு பக்கத்துக்குள் தேர்தல் அறிக்கை தரலாம் என்று சொல்லியிருந்தேன். அவள் அறிக்கையில் இருந்தது ஒரே வரி: 'எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை.'

"கம்ப்யூட்டர் இருக்கற ரூமுக்கெல்லாம் ஏசி போடறாளாமே சார், உஷ்ணம் அதுக்கு ஆகாதுன்னு. நான் கம்ப்யூட்டராப் பொறந்திருக்கலாம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் நெற்றி வேர்வையைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, அடுத்த கார்பனைச் சொருகினாள்.

ஜூன் முதல் வாரம் வாக்குப்பதிவு. ஒவ்வொருவரும் நான்கு அறைகளையும் விருப்ப வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுத வேண்டும். விரலில் மை நான்தான் வைத்தேன், பழக்கம். எதிர்பார்த்தபடி அவரவர் சொந்த அறைக்கு ஒன்று போட்டிருந்தார்கள். எதிர்பாராதது இரண்டாவது இடம். மற்ற மூன்று அறைக்காரர்களும், ஒருவர் பாக்கியில்லாமல், நாலாம் அறைக்கு இரண்டு போட்டிருந்தார்கள். மாசமாக இருக்கிற பெண் மேல் எல்லாருக்கும் இரக்கம் இருந்தது. பாட்டியாவின் தொண்டைக்காக முதல் அறையைப் பலரும் கடைசியில் தள்ளியிருந்தார்கள்.

எண்ணிக்கை ஆரம்பித்தது. நம் நாட்டு முறைப்படி முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினேன். பதினோரு ஓட்டோடு முதல் அறை ஜெயித்தது. பாட்டியா லட்டுக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்து இரண்டு சுற்று முறை. முன்னால் நிற்கும் இருவரை மட்டும் மோதவிட வேண்டும். முதல் அறைக்குப் பதினொன்று, மற்ற பதினேழு பேரும் பாட்டியாவுக்குப் பயந்து இரண்டாம் அறைப் பக்கம். இரண்டாம் அறை ஜெயித்தது. மூன்றாவது, விருப்ப வரிசை முறை. கடைசியில் இருப்பவரை விலக்கி, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். நாலாம் அறை மூன்றே ஓட்டு, உடனே அவுட். அந்த மூன்றும் எதிரே இருக்கும் மூன்றாம் அறைக்குப் போய் அதை ஒன்பது ஆக்கின. அடுத்து எட்டோடு இருந்த இரண்டாம் அறை அவுட். அவர்கள் இரண்டாவதாகப் போட்ட நாலாம் அறை ஏற்கெனவே வெளியே போய்விட்டதால், அவர்கள் சீட்டும் மூன்றாம் அறைக்கே போய்ச் சேர, மூன்றாம் அறை ஜெயித்தது. நான்காவது, மதிப்பெண் முறை. முதல் விருப்பத்துக்கு மூன்று, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று, கடைசிக்கு ஒன்றுமில்லை. நாலாம் அறை ஐம்பத்தொன்பது. அடுத்து வந்த இரண்டாம் அறை நாற்பத்து நாலு.

ஒரே பெட்டி, ஒரே இருபத்தெட்டுச் சீட்டு, நான்கு முறை, நான்கு வெற்றியாளர்கள். நான்கு தடவை எண்ணிச் சரிபார்த்தேன். சௌத்ரி சாஹப் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். உத்தியோக காலத்திலேயே இப்படி ஒரு அழகான பரிசோதனையைப் பார்த்ததில்லை என்றார். முடிவுப் பட்டியலை டைப் அடிக்க ஜெயலட்சுமியிடம் கொடுத்தேன். பட்டியலின் நடுவில் 'இரண்டாம் விருப்பம்' என்ற பத்தியில் அவள் விரல் நின்றது.

"இருபத்தஞ்சு பேரா சார்?"

"ஆமாம்மா. எல்லாரும்."

"நீங்களுமா?"

"நானும்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"எல்லாருக்கும் எவ்வளவு நல்ல மனசு" என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. ஐந்து பிரதி டைப் அடித்துக் கொடுத்துவிட்டாள்.

சரி, கூலர் யாருக்கு? இந்த நான்கில் எந்த முறை என்று முடிவு செய்தால் கூலர் தானாகப் போய்ச் சேரும். அதற்கும் ஓட்டெடுப்பு என்றார் சௌத்ரி சாஹப். எடுத்தோம். தங்கள் அறைக்குக் கூலர் தரும் முறையே சிறந்தது என்று எல்லாரும் மனசாட்சிப்படி வாக்களித்தார்கள். பதினொன்று, எட்டு, ஆறு, மூன்று. இந்த ஓட்டுகளை எந்த முறையில் எண்ணுவது என்று நான் கேட்டேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நீண்ட நேரம் கூரையைப் பார்த்தார். குழுத் தலைவர் அடுத்த மாதம் வரும்போது விவாதிக்கலாம், அதுவரை நடத்தை விதி தொடரும் என்று ஃபைலில் எழுதினார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதை வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவி குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ரெண்டாவதா? மாசமா இருக்க பிள்ளையை ரெண்டாவதா போட்டியளாக்கும்? உங்க ரூம்ல ரெண்டு ஜன்னல் இருக்குன்னு நீங்கதான சொன்னிய?"

"எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காவ."

"எல்லாரையும் நான் கெட்டிக்கிடலையே. உங்களைத்தான கெட்டிருக்கேன். இதை வீட்ல வந்து சொல்ல வெக்கமா இல்ல?"

இருந்தது. அந்த நிமிஷம்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது என்று கணக்குப் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருந்தும் மறுநாள் காலையில் நான் செய்தது என்ன? வழக்கம்போல அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். பதவி உயர்வு கண்ணை மறைத்தது. இப்படியே இன்னும் இரண்டு வாரம் போயிற்று.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம், நாலாம் அறையிலிருந்து டைப் சத்தம் நடுவில் நின்றது. நான் எட்டிப் பார்த்தபோது ஜெயலட்சுமி நாற்காலியிலிருந்து சரிந்து சுவரில் சாய்ந்திருந்தாள். மற்ற இருவரும் கத்திக்கொண்டே ஃபைல் அட்டையால் விசிறினார்கள். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்லை சார். பேஜ் நம்பர் மட்டும் போட விட்டுப்போச்சு" என்றாள்.

அவள் அடித்துக்கொண்டிருந்த பக்கம் ரோலரில் நின்றது. 'சிறுபான்மையினரின் விருப்பம் அவையில் எதிரொலிக்க வேண்டியதன் அவசியம்' என்று தலைப்பு. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, என் மேலேயே பாதி. மேஜையிலிருந்து பேப்பர் கத்தியை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போய், காலையில் என் கையால் வைத்த முத்திரையை அறுத்துப் போட்டேன். சங்கிலியை அவிழ்த்துத் தள்ளினேன். கூலர் அசையவில்லை. ஆறு வாரத்தில் சக்கரம் துருவேறியிருந்தது.

பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். பாட்டியா. அவர் தடுப்பார் என்று நினைத்துத் திரும்பினேன்.

"அரே, தேக்தே க்யா ஹோ? ஹாத் லகாவோ!" என்று, வேடிக்கை பார்க்காமல் கை கொடுக்கச் சொல்லித் தன் அறையைப் பார்த்துக் கத்தினார். முதல் அறை முழுக்க வந்து தோள் கொடுத்தது. இரண்டாம் அறைக்காரர்கள் கழிவறைக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூன்றாம் அறை தன் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்தது. "ஜல்தி, ஜல்தி" என்று ஒரே கூச்சல். பத்து நிமிஷத்தில் கூலர் நாலாம் அறை வாசலில் நின்றது. ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஒரு கூடை புழுதியைக் கக்கியது. அதற்குப் பிறகு ஈர வைக்கோல் வாசனையோடு காற்று வந்தது.

புழுதி அடங்கியபோது சௌத்ரி சாஹப் நடைவழியில் நின்றிருந்தார். டையின் மேல் வைக்கோல் தூசி. எல்லாரும் வாளியும் கையுமாக அப்படியே நின்றோம்.

"எந்த முறைப்படி?" என்று கேட்டார்.

அவர் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். ஜெயலட்சுமி கண்ணை மூடிக் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். ஒரு நாள் கழித்து, மையில் எழுதிய மெமோ எனக்கு வந்தது. தேர்தல் அதிகாரியாக இருந்துகொண்டே சாவடியைக் கைப்பற்றிய குற்றத்துக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?

'வெயில் அதிகமாக இருந்தது' என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை. வருத்தமெல்லாம் அந்த ஆறு வாரத்துக்கும், சீட்டில் என் கையால் எழுதிய அந்த இரண்டுக்கும்தான்.

கூலர் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. டெல்லியில் மழைக்காலத்தில் கூலர் போட்டால் உடம்பு பிசுபிசுக்குமே தவிரக் குளிராது. வெளியே தூக்கி வைத்துவிட்டார்கள். ஜெயலட்சுமிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பாட்டியா தன் செலவில் லட்டு கொடுத்தார்.

சௌத்ரி சாஹப் நடந்ததை மறைக்கவில்லை. இணைப்பு ஏழின் கடைசிப் பத்தியைத் தானே எழுதினார். முதலில் பென்சிலில், பிறகு மையில். இப்போதும் மனப்பாடமாக இருக்கிறது: 'நான்கு முறைகளாலும் தீராத பிரச்சினையை வாக்காளர்கள் ஐந்தாவதாக ஒரு முறையில் பத்து நிமிடங்களில் ஒருமனதாகத் தீர்த்துக்கொண்டனர். அந்த முறை எது என்று கண்டறிய இயலவில்லை. மேலும் ஆராயப் பரிந்துரைக்கப்படுகிறது.'

இதையெல்லாம் எழுதி கார்த்திக்குக்கு அனுப்பினேன். நேற்று அவரே பேசினார்.

"சார், பஹுத் படியா. ஆனா ஒரு டவுட். எங்க கமிட்டி ஆராய வேண்டிய லிஸ்ட்ல எட்டாவது ஐட்டமே அந்த அஞ்சாவது முறைதான். அதுக்கு ஃபார்முலா மாதிரி ஏதாவது இருக்கா?"

"உங்க ஆபீஸ்ல ஜன்னல் இல்லாத ரூம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார், ஒண்ணு."

"அதுல யாரு உக்காந்திருக்கா?"

போனில் அவருக்குப் பின்னால் ஏசி ஓடுவது கேட்டது.

"தெரியல சார். எக்ஸாமின் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றார்.